ஜெபக்குறிப்பில் வந்த பெயர்

மூன்றாவது சீட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கிருபாநிதி பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தார்:

“பாளையங்கோட்டைச் சிறையில் தண்டனை அனுபவிக்கும் நேசக்குமாருக்காக ஜெபிக்கும்படி அவன் தகப்பன் கேட்டுக்கொள்கிறார்.”

பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சில் இருந்த அவருடைய மகள் தேவகனிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நேசக்குமார் அவளுடைய தம்பி. தகப்பன் என்றால், அதோ நிற்கிற அப்பாதான். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை நேசக்குமார் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். இந்த நேரத்துக்குப் பிரேசில் போகிற வழியில் இருக்கிறான். போன வாரம்கூட அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

தூத்துக்குடியில் அந்தச் சபையின் வழக்கம் இது. கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அவற்றை எடுத்து வாசிக்க, சபை முழுவதும் ஜெபிக்கும். முழங்கால் வலியில் தொடங்கி, மகனுக்கு விசா, மருமகளோடு சமாதானம், எதிர்வீட்டுக்காரன் போர்வெல் போட்டுத் தண்ணீரை இழுப்பது வரை எல்லாம் வரும். பெயர் போடாமலும் எழுதலாம். அப்படிப் போடாத சீட்டு யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் பாதிப் பேருக்கு ஆராதனையே. கையெழுத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டாலும் வாயைத் திறக்க மாட்டார் என்று எட்டு வருடமாக அந்த வேலையைக் கிருபாநிதியிடம் கொடுத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று ஒரு சீட்டு எழுதியதில்லை.

தேவகனி எழுந்துவிட்டாள். அப்பாவுக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இதோ விழப்போகிறார், நாம் ஓடிப் பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் இருந்தது. அவரோ விழவில்லை. அடுத்த சீட்டைப் பிரித்தார்.

“ஜெரால்டு தம்பிக்கு ஏற்ற துணை அமையும்படியாக.”

பக்கத்தில் இருந்த ஈவாஞ்சலின் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தேவகனி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு எடுப்பவள், இருபது வருடப் பழக்கம்.

“உக்காருங்க டீச்சர். எங்க எல்லாருக்கும் முன்னயே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அன்னைக்கே பேப்பர்ல வந்துச்சுல்லா. அப்பாவுக்குத்தான் தெரியாதுன்னு நாங்களும் கப்பலு கப்பலுன்னே பேசிக்கிட்டிருந்தோம்.”

அன்றைய பேப்பரை அவள் வீட்டில் ஒளித்தாள். ஊரில் விற்ற மற்ற பேப்பர்களை மறந்துவிட்டாள். கெட்டிக்காரி என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த நினைப்பெல்லாம் ஒரே நிமிடத்தில் போயிற்று.

நேசக்குமார் துறைமுகத்துப் பக்கம் ஏற்றுமதிக்குக் காகிதம் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தான். உப்பு மூட்டை என்று எழுதிப் போன கன்டெய்னருக்குள் செம்மரக்கட்டை இருந்தது. காகிதத்தில் இருந்த கையெழுத்து அவனுடையது. போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு, “தெரியாமப் போட்டேன்னு சொல்லட்டாக்கா?” என்று கேட்டான். அவள் பதில் யோசிப்பதற்குள், “தெரிஞ்சுதான் போட்டேன்” என்று அவனே சொல்லிவிட்டான். முதலாளி தலைமறைவாகிவிட்டார். இவனுக்கு மூன்று வருடம் விழுந்தது.

அந்தச் சமயத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பி எங்கே என்று கேட்டபோது, கப்பலில் அவசரமாக வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். தூத்துக்குடியில் அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வீட்டுக்கு ஒருவன் கப்பலில் இருக்கிற ஊர்.

சிறையில் ஆளைப் பார்ப்பதற்கு மனு பார்ப்பது என்று பெயர். மாதம் இரண்டு சனிக்கிழமை, பயிற்சி வகுப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவள் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள். அரசாங்கம் உண்மையிலேயே ஆசிரியர்களுக்கு அவ்வளவு பயிற்சி கொடுத்திருந்தால் பிள்ளைகள் எங்கேயோ போயிருப்பார்கள். பனியன், சோப்பு, பிஸ்கட், வாழைப்பழம் என்று பை நிறையக் கொண்டுபோவாள். சிறைக்குள்ளிருந்து வாரம் ஒரு தடவை அவன் போனில் பேச அனுமதி உண்டு. அப்பாவிடமும் கொடுப்பாள். “அலை ஜாஸ்தியாலே?” என்பார் அப்பா. “ஜாஸ்திதாம்ப்பா” என்பான் அவன். பொய்யானாலும் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்களே, அது போதும் என்று தேற்றிக்கொள்வாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் எல்லாம் மாறிப்போனது. “இனிமே அப்பாட்ட குடுக்காதக்கா, பொய் பேச முடியல” என்றான். பிறகு போன் வருவதே நின்றது. கடைசி மூன்று தடவை மனுவுக்குப் போனபோது அவன் வெளியே வரவே இல்லை. “கூப்பிட்டுப் பாத்தாச்சும்மா, வர மாட்டேங்கான்” என்று காவலர் சொல்ல, பையை மட்டும் உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அப்பாவும் எந்தத் துறைமுகம், என்ன சரக்கு என்று கேட்பதை அந்த நாட்களில்தான் விட்டார். வயசாகிவிட்டது, மறக்கிறார் என்று அவள் நிம்மதி அடைந்தாள். தம்பியை நினைத்தால்தான் பயமாக இருந்தது. இன்னும் ஒன்றரை வருடம் கிடக்கிறது. அதற்குள் அவன் யாருமே வேண்டாம் என்று ஆகிவிட்டால், வெளியே வந்தாலும் வீட்டுக்கு வருவானா?

ஆராதனை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் அப்பா, “ஏளா கனி, கதவச் சாத்து” என்றார்.

“எப்பப்பா தெரியும் ஒங்களுக்கு?”

“கிறிஸ்மஸ்லயிருந்து.”

சபையின் வாலிபர் சங்கத்தார் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் முதியோர் இல்லம் போய்ப் பாட்டுப் பாடி, கேக் கொடுத்துவிட்டு வருவார்கள். பெரியவர் ஒருவர் வேண்டும் என்று கிருபாநிதியையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்த வருடமும் போனார். கேக் பொட்டலங்களை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து கட்டிக் கொடுத்தவள் தேவகனிதான்.

“இந்த வருசம் ஜெயிலுக்குன்னு மாத்திட்டாங்க. கோயில்ல அறிவிச்சாங்க. நீ அன்னைக்குக் காய்ச்சல்னு வரல. எங்க போறோம்னு நீ கேக்கவும் இல்ல.”

தன் கையால் முடிச்சுப் போட்ட பொட்டலம் ஒன்று தம்பிக்குப் போயிருக்கிறது. மூன்று மாதமாக அது தெரியாமல் அவள் சோறு தின்று, பாடம் நடத்தி, தூங்கி எழுந்திருக்கிறாள்.

“அவனப் பாத்தீங்களா?”

“ஆறாவது வரிசையில இருந்தான். தலையக் குனிஞ்சிக்கிட்டுதான் இருந்தான். பெத்தவனுக்கு உச்சந்தலையப் பாத்தா தெரியாதாளா? ரெட்டச் சுழி. கைய நீட்டினான். பொட்டலத்த வச்சேன். அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்.”

“ஒண்ணுமே பேசலையா?”

“பின்னால நம்ம சபை ஆளுக இருவது பேர் பாடிக்கிட்டு நிக்காங்க. எம்பிள்ளன்னு சொல்ல நாக்கு எழும்பல. எம்பங்குக்கு நூறு பேருக்குக் குடுத்தேன். ஒவ்வொருத்தனுக்கும் கர்த்தர் ஆசீர்வதிப்பார்னு சொன்னேன். அவனுக்கு அதக்கூடச் சொல்லலளா.”

தேவகனிக்கு அப்பாவிடம் வாழ்நாளில் வந்திராத கோபம் வந்தது. “அதாம்ப்பா அவன் வெளிய வர மாட்டேங்கான்! மூணு தடவ போயிட்டு மூஞ்சியக்கூடப் பாக்காம வந்தேன். பெத்த அப்பனே தெரியாத ஆளு மாதிரிப் போனா அவன் என்ன செய்வான்? தெரியும்னு எங்கிட்டயாவது சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்ல? நீ கப்பல்னு சொன்னது எனக்கும் வசதியாப் போச்சு. யாரு கேட்டாலும் கப்பலச் சொல்லிட்டு இருந்துக்கிடலாம்லா.” அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மூணு மாசமா அடுத்தவன் சீட்டையெல்லாம் வாசிக்கேன். இன்னைக்குக் காலையில எழுதிப் பெட்டியில போட்டுட்டேன். அடுத்த மனு என்னைக்கிம்மா?”

அவள் கோபம் அப்படியே நின்றுபோனது. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளில் பாதி தனக்கே பொருந்தும் என்று தெரிந்தது. “வார சனிக்கிழமை” என்றாள்.

சனிக்கிழமை மனுச் சீட்டில் பார்க்க வந்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதினாள். உறவு என்ற இடத்தில் அக்கா, தகப்பனார் என்று எழுதினாள். வரமாட்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. அப்பா வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மாவட்டக் கல்வி அதிகாரியைப் பார்க்க வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வந்துவிட்டான்.

இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடைவெளி. இருபக்கமும் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே ரகசியம் பேச வழி கிடையாது. நேசக்குமார் மெலிந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கும்பிட்டான். பிறகு அக்காவைப் பார்த்துக் கத்தினான்:

“எதுக்குக்கா சொன்ன?”

“நான் சொல்லலடா!”

“அக்கா சொல்லல!” என்றார் அப்பா. அவர் குரல் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓங்கிக் கத்தினார். “கிறிஸ்மசுக்கு வந்தப்ப ஒன்னயப் பாத்தேம்லே!”

நேசக்குமாரின் முகத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்!”

“பாத்துட்டா போனீங்க?”

தேவகனி அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். இல்லை, அப்புறம்தான் யோசித்தேன், கண்ணாடி போடவில்லை, சந்தேகமாக இருந்தது என்று எதையாவது சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். வருடக்கணக்காகப் பொய் சொல்லிப் பழகியவளுக்கு அந்த நேரத்தில் இன்னும் ஒரே ஒரு பொய் போதும் என்றிருந்தது.

“பாத்துட்டுத்தாம்லே போனேன்!” என்று கிருபாநிதி கத்தினார். “சபைக்காரங்க நிக்காங்கன்னு வெக்கப்பட்டுப் போனேன்!”

பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். இடுப்புக் குழந்தையோடு நின்ற ஒரு பெண் இவர்களையே பார்த்தாள். நேசக்குமார் இப்போது கத்த வேண்டிய அவசியமில்லை.

“நீங்க பாக்கலன்னுல்லா நான் நெனச்சேன்” என்றான். “நீங்க உள்ள வந்ததுமே பாத்துட்டேன். பத்தாவது வரிசையில இருந்தேன், அங்க வேற ஆளு குடுத்திட்டு வந்தாங்க. ஆறாவது வரிசைக்கு ஒங்க கையால குடுத்திட்டு வாரீங்கன்னு தெரிஞ்சதும் காவலர்ட்ட கெஞ்சி அங்கன மாறி உக்காந்தேன். தலையத் தூக்கினா தெரிஞ்சிரும்னு தூக்கல. ஒங்க வெரலு எங்கையில பட்டுச்சு. யாருன்னே தெரியாத ஒரு கைதிக்கு எங்கப்பா இப்படிப் பக்குவமாக் குடுக்காரேன்னு…” கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். “அதுக்கப்புறம்தான் ஒங்ககிட்ட கப்பல்ல இருக்கேன்னு பேச முடியல. அக்கா மூஞ்சியப் பாத்தா ஒளறிருவேன்னு வெளிய வரல. மூணு மாசமா அது ஒண்ணத்த நெனச்சுக்கிட்டுதான் கெடந்தேன். இப்ப அதயும் எடுத்துட்டீங்களேப்பா.”

அவன் அந்த நாளை நினைத்து மனசு விட்டுப் போயிருக்கிறான் என்று வீட்டில் கத்தினாளே. அவனை உடைத்தது அந்த நாள் அல்ல, இந்த நாள்தான். நெஞ்சை மறைக்காமல் சொல்லிவிட்ட அப்பாவைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவர் வலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. நேரம் முடிந்தது என்று காவலர் வந்தார். நேசக்குமார் திரும்பி நடந்தான். கதவு வரை போய்விட்டான். அவ்வளவுதான், இனி இவன் வெளியே வரப்போவதில்லை என்று அவள் வலையில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தாள்.

“அக்கா!”

நிமிர்ந்தாள். கதவருகே நின்று அவன் கத்தினான்.

“அடுத்த மனுவுக்கு நீ வராத! அப்பா மட்டும் வரட்டும்! அவர்ட்ட நான் சண்ட போடணும்!”

அவளை வராதே என்கிறான். இத்தனை காலம் பஸ் ஏறி வந்து போனவளை வராதே என்று எல்லார் முன்னாலும் சொல்கிறான். அவளுக்கு அது வலிக்கத்தான் செய்தது. அந்த வலியோடு சேர்ந்தே, அடுத்த மனு என்ற அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது.

“வாரேம்லே!” என்று பக்கத்தில் அப்பா கத்தினார். “காலையிலயே வாரேன்!”