தரையில் வைக்காத பை

என் தம்பியின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்ததை முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவன் கண்ணாடி முன் நின்று தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். அவனாக ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் வீட்டில் யாரும் தன் வலியை வெளியே சொல்வதில்லை. அடுத்தவர் வலியை வேண்டுமானால் சொல்லிவிடுவோம்.

அப்பா ஆரம்பித்த ஸ்டூடியோ எங்களுடையது. முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசித் தேதி கொடுப்பது அவன் அக்காவான நான். வீடு வீடாக, மண்டபம் மண்டபமாகப் போய்ப் படம் எடுப்பது தம்பி. அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பெயர்ப் பலகையில் இருப்பது அப்பாவின் பெயர் என்றாலும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது தம்பியின் வலது கைதான்.

மூன்று பேருமாக டாக்டர் அம்மாளிடம் போனோம். அவர் தம்பியின் விரல் நுனியில் ஊசியால் லேசாகக் குத்தினார். தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "குத்தியாச்சா டாக்டர்?" என்று கேட்டான்.

டாக்டர் அம்மாள் அவன் பக்கத்தில் இருந்த, கேமரா வைக்கும் தோல்பையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையால் முடியாமல் இரண்டு கையையும் கொடுத்தார்.

"இதை எந்தத் தோள்ல மாட்டுவீங்க?"

"வலது தோள்லதான்."

"எவ்வளவு நேரம்?"

"வேலை முடியுற வரைக்கும்."

"நடக்கத் தெரிஞ்ச பிள்ளையை நாள் முழுக்க ஒரே தோள்ல தூக்கிட்டு அலையுறீங்க. நரம்பு என்ன பண்ணும்? முதல்ல பையை மாத்துங்க. பாரம் ரெண்டு பக்கமும் பிரியணும். அப்படியும் விரல் சரியாகலைன்னா கேமரா வேலையையே விடுறதைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்."

படியிறங்கும்போதே இருவரிடமும் சொல்லிவிட்டேன். "இது நம்ம மூணு பேரோட நிக்கணும். படம் எடுக்கிறவனுக்குக் கை வரலைன்னு ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும், நாளைக்கு யாரும் நம்ம கதவைத் தட்ட மாட்டாங்க."

தம்பி தலையாட்டினான். அவன் மனைவி முன்னால் இறங்கிப் போய்விட்டாள். அவள் அப்படிப் போனால் சம்மதமில்லை என்று அர்த்தம்.

பை வாங்க நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் வாய் ஓயாதவர். வருகிறவர்களைப் பார்த்தே என்ன பை வேண்டும் என்று சொல்லிவிடுவதாகப் பெருமை அடித்துக்கொள்வார்.

"ஐயாவுக்கா? கேமராவுக்குத்தானே? பழைய பைக்கு என்ன ஆச்சு?"

"நைஞ்சு போச்சு," என்றேன். பழைய பையில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

அவர் முதலில் எடுத்துப் போட்டது கொழுத்த பை ஒன்று. முதுகில் மாட்ட இரண்டு வார், நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, இடுப்புக்குத் தடிமனாக ஒரு பெல்ட்.

"போட்டுத்தான் பார்க்கிறேனே அக்கா," என்றான் தம்பி.

"இதை மாட்டிட்டுக் கல்யாண வீட்டு வாசல்ல போய் நின்னா, பார்சலை எங்க இறக்கணும்னு கேப்பாங்க. மலை ஏறப் போறவங்களுக்குக் குடுங்க இதை."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே தள்ளிவிட்டு, கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார். விறைப்பான பக்கங்கள், மடிப்பு கலையாத மூலைகள், இரண்டே வார். வக்கீல் கையில் கொடுத்தாலும் பொருந்தும். டாக்டர் சொன்னபடி பாரமும் இரண்டு தோளுக்குப் பிரிந்துவிடும். தம்பி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றான். என் முன்னால் அவன் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்பான்.

"சாமானையெல்லாம் உள்ள வச்சு ஒரு தடவை நடந்து பாருங்க ஐயா," என்றார் கடைக்காரர்.

"நாங்க இங்க கடை பரப்ப வரலை," என்றேன். "எப்படி இருக்குடா?"

"நல்லா இருக்குக்கா."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்தப் பையோடு அவன் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வந்தான். அதற்குள் நடுவிரலும் மரத்துவிட்டது. முன்னறையில் நான் தேதிப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். வந்த ஒரு குடும்பத்துக்கு அடுத்த மாதத் தேதி கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு பதிலை அந்த அறையில் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"புதுப் பை வந்தும் இப்படின்னா, பையில மட்டும் குத்தம் இல்லை அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "அவர் அங்க போய் என்னதான் பண்றார்னு யாராவது பார்த்தோமா?"

அடுத்த வேலைக்கு நானும் கிளம்பினேன்.

"நீங்க எதுக்குக்கா? உட்காரக்கூட இடம் இருக்காது."

"எனக்கு நிக்கத் தெரியும். நட."

ஒரு வயதான தம்பதியின் திருமண நாள் அது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் சுவரோரமாக நின்று தம்பியைப் பார்த்தேன். படம் எடுப்பதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. குனிகிறான், மண்டியிடுகிறான், ஒரு கிழவரின் சிரிப்புக்காகப் பக்கவாட்டில் நகர்கிறான். எல்லாம் சரி. லென்ஸ் மாற்ற வேண்டிய நேரம் வந்தது.

இடது வாரை உருவினான். முழுப் பையும் வலது தோளில் தொங்கியது. வலது காலைத் தூக்கி, தொடைமேல் பையைத் தாங்கி, கேமரா வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் ஜிப்பைத் திறந்தான். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றான். எதிரே இரண்டு வாண்டுகள் அவனைப் பார்த்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தன. மாற்றி முடித்ததும் இடது வாரைத் திரும்ப மாட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும், எதற்கு என்று விட்டுவிட்டான். இரண்டு வார் வைத்த புதுப் பை பழைய பை தொங்கிய அதே தோளில், அதே இடத்தில் தொங்கியது.

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என்னிடம், "ஏம்மா, பையைக் கீழ வச்சு எடுத்தா என்னவாம் அவருக்கு?" என்றார்.

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எங்கள் வீட்டுப் பை அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்காராது. அவர்கள் சந்தோஷமாக இருக்கும் நாளில் போய் நம் மூட்டையை அவர்கள் கால் நடுவே பரப்பக் கூடாது என்பது அப்பா வைத்த வழக்கம். அப்பாவுக்குப் பிறகு அது வழுவாமல் பார்த்துக்கொண்டது நான். தம்பி நின்ற கோலத்தைப் பார்த்த பிறகு அந்தப் பதிலைச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

அதற்காக, கூட்டத்துக்கு நடுவே வழக்கத்தை மீறச் சொல்லவும் எனக்கு வராது. வீட்டுக்கார அம்மாளைத் தேடிப் போனேன்.

"ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"அடடா, உங்களை நிக்கவச்சே பேசிட்டிருக்கோம். உட்காருங்கம்மா."

"எனக்கு வேண்டாம். பைக்கு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெத்தை வைத்த நல்ல நாற்காலியாகவே கொண்டுவந்து போட்டார். பை முன்வரிசையில், சம்பந்தி வீட்டாருக்கு நடுவே, கம்பீரமாக உட்கார்ந்தது. தாமதமாக வந்த ஒருவர், "இது யாருக்குப் பிடிச்சு வச்ச இடம்?" என்று கேட்க, அந்தப் பெரியவர், "கேமராக்காரர் வீட்டுப் பெரிய மனுஷர் போல. நீங்க பின்னாடி போங்க," என்றார்.

தம்பி நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு கையாலும் லென்ஸை எடுத்து மாற்றினான். ஆனால் எல்லாரும் தோட்டத்துக்கு நகர்ந்ததும் பை மறுபடி வலது தோளுக்கு ஏறியது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓட என்னால் ஆகாது.

மறுநாள் காலையிலேயே பைக்கடைக்குப் போனோம். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்கலாம் என்று தம்பி கண்ணால் ஜாடை காட்டினான். காத்திருந்தால் நான் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"என் தம்பிக்கு விரல் மரத்துப்போகுது," என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. "பை தோளை அழுத்துறதால. அவன் போற வீட்ல பையைக் கீழ வைக்க மாட்டான், அது எங்க வழக்கம். நின்னபடியே லென்ஸ் மாத்தணும். அதுக்கு ஏத்த பை இருந்தா எடுங்க."

தம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பெட்டியின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தொடர்ந்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதாம்மா?" என்றார் கடைக்காரர். "கேமராக்காரங்க பாதிப் பேர் இங்க இந்த விரலைத் தூக்கிட்டுத்தானே வர்றாங்க. பத்திரிகைக்காரர் ஒருத்தருக்குக் கழுத்தே திரும்பாம இருந்துச்சு. இப்ப மனுஷன் எல்லாப் பக்கமும் திரும்பி வம்பு பேசுறார்."

நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்துக்கு ஊரில் இவ்வளவுதான் மதிப்பு. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவர் சாம்பல் நிறத்தில், இடுப்புப் பெல்ட் வைத்த பை ஒன்றை எடுத்து வந்து, சாமான் முழுவதையும் உள்ளே அடுக்கச் சொன்னார். மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பினோம். நானும் லென்ஸ்களை எடுத்துக் கொடுத்தேன்.

"பெல்ட் வயித்துல இல்லைங்க ஐயா, இடுப்பு எலும்புமேல உட்காரணும். இறுக்குங்க. இப்பத் தோள் வாரைக் கொஞ்சம் தளர்த்துங்க."

தம்பி தளர்த்தினான். அவன் தோள்கள் மெல்ல இறங்கின. வலது தோள் இத்தனை நாள் காதை நோக்கி ஏறியிருந்ததே இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பெல்ட்டைக் கழட்டாதீங்க. ரெண்டு கையையும் வார்லேருந்து உருவிட்டுப் பையை அப்படியே முன்னாடி சுத்துங்க."

பை இடுப்போடு வழுக்கி வந்து வயிற்றுக்கு முன்னால் நின்றது. ஜிப் இருந்தது முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில். திறந்ததும் லென்ஸ் எல்லாம் அவனைப் பார்த்து அண்ணாந்து கிடந்தன. தம்பி ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான். இரண்டு காலும் தரையில் இருந்தன.

"மேஜையைக் கட்டிட்டு நடக்கிற மாதிரி இருக்குக்கா."

"நிமிர்ந்து நிக்காதே," என்றேன். "வேலை செய்யுற மாதிரி குனி. மண்டி போடு. பக்கத்துல சாய்."

கடை நடுவே அவன் எல்லாம் செய்தான்.

"எங்கயாவது குத்துதா?"

"இல்லை."

"எனக்காகச் சொல்லாதே."

"சத்தியமா இல்லைக்கா."

மாட்டிக்கொண்டு போனால் மலையேறுகிறவன் மாதிரிதான் இருந்தான். முதல் வீட்டு வாசலிலேயே ஒருவர், "பார்சலா?" என்று கேட்டாராம். "ஆமா, உங்க முகத்தையெல்லாம் கட்டி எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்," என்றானாம் தம்பி. இதை அவன் மனைவி எனக்குச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நடுவிரல் சீக்கிரமே திரும்பிவிட்டது. மோதிர விரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சுண்டுவிரல் மட்டும் பிடிவாதமாக இருந்தது. பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தோம். கேட்டுக் கேட்டு அவனை நோகடிக்கக் கூடாது என்று நானும் அவன் மனைவியும் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முறை தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு மதியம் மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். தம்பி ஒரு படத்தைப் பார்த்தபடியே டம்ளரை எடுத்தான், சட்டென்று கீழே வைத்தான்.

"என்னடி இப்படிச் சுடுது," என்றான், சுண்டுவிரலை உதறிக்கொண்டே.

வேறு நாளாக இருந்தால் அவள் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது என்னைத்தான் பார்த்தாள். தம்பியும் தன் விரலைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை தொடு," என்றேன்.

தொட்டான். கையை இழுத்துக்கொண்டான். அவள் முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துவிட்டு, ஆற்றிக் கொண்டுவருகிறேன் என்று டம்ளரை எடுக்க வந்தாள். வேண்டாம் என்று அவன் அதே கையால் டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

நான் தேதிப் புத்தகத்தைத் திறந்து, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிய குடும்பத்துக்குப் போன் செய்தேன்.