செலீனா கட்டிவிட்ட கயிறு

பேசாலையில் யார் இந்தியாவுக்கு வள்ளம் ஏற நினைத்தாலும் முதலில் செலீனாவைத்தான் தேடிப் போனார்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அக்கரைக்குப் போய், சமாதான காலத்தில் திரும்பி வந்தவள் அவள். இரண்டாயிரத்தாறில் மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியதும் அவள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை.

அதைப் பார்க்கப் பார்க்க அவளுடைய தம்பி பெண்சாதி சிசிலியாவுக்கு வயிறு எரிந்தது. மன்னார் டவுனில் இன்டர்நெட் கடையில் வேலை செய்கிறவள். அக்கரை எவ்வளவு தூரம், முகாமில் என்ன கொடுப்பார்கள், வள்ளக்காரர் நடுவழியில் மணல்திட்டில் இறக்கிவிட்டு ஓடுவது, எல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தாள். அவள் சொன்னால் பெண்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "அப்பிடியோ செலீனாக்கா?" என்று அந்தப் பக்கம் திரும்புவார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டுப் பயணத்தில் பெற்ற மகனையே மணல்திட்டில் தாகத்துக்குப் பறிகொடுத்தவள்! தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் கானை வள்ளத்தில் மறந்துவிட்டு இறங்கினவளிடமா ஊர் புத்தி கேட்கிறது? சிசிலியா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நினைத்தாள், பலமுறை நினைத்தாள்.

கடைசியில் சிசிலியாவின் புருஷன் பஸ்ரியனும் அவளையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தான். கடற்கரைக்கு வந்த செலீனா, தண்ணீர் நிறைந்த கானின் பிடியில் நைலோன் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சிசிலியாவின் இடுப்பில் முடிந்தாள்.

"என்ன மச்சாள் இது? நான் என்ன ஆட்டுக்குட்டியோ? திட்டில இறக்குவாங்கள், தண்ணி வேணும் எண்டு எனக்குத் தெரியும். எல்லாம் படிச்சனான்."

"ஓம் சிசிலியா, நானும் தெரிஞ்சுதான் போனனான். கிடக்கட்டும், அவிழ்க்காத."

வள்ளம் கரையை விட்டதுமே அவிழ்க்கப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது.

"அக்கா போட்ட முடிச்செண்டா அப்பிடித்தான்" என்று பஸ்ரியன் சிரித்தான். அதற்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிகிற நேரம் வள்ளக்காரர் கத்தினார்: "இந்தியா வந்திட்டுது! கெதியா இறங்குங்கோ, நேவி வரப்போறான்!"

எதிரே வெள்ளை மணல். தூரத்தில் ஒரு வெளிச்சம். படித்ததெல்லாம் எங்கே போனதோ! "மாதாவே, கரை!" என்று மகளை இரண்டு கையாலும் வாரியணைத்துக்கொண்டு குதித்த சிசிலியா, மணலைப் பார்த்து ஓடினாள்.

கயிறு இடுப்பை வெட்டி இழுத்தது. கான் வள்ளத்து விளிம்பைத் தாண்டித் தொப்பென்று விழுந்து, அவள் பின்னால் இழுபட்டு வந்தது. பஸ்ரியனும் குதித்ததுதான் தாமதம், வள்ளம் திரும்பிவிட்டது.

வெயில் ஏறியது. திட்டைச் சுற்றிலும் கடல். மகள் தண்ணீர் கேட்டாள். கானைச் சரித்துப் பிடித்தபடி சிசிலியா விக்கி விக்கி அழுதாள். செலீனா மறந்தவள் அல்ல. பிள்ளையைத் தூக்க அவளுக்கும் இரண்டு கைதான் இருந்தது.