பாவாயிக்கு ஒரு குடம் வெந்நீர்

கார் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாயும்போது அம்மாவின் தலை யமுனாவின் மடியிலிருந்து நழுவப் பார்த்தது. ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் தாடையையும் பிடித்துக்கொண்டாள். "மெதுவா போங்க" என்றாள் கணவனிடம். மணிவண்ணன் ஏற்கெனவே மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்த பால் வண்டிக்காரன் முந்தும்போது உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு போனான்.

விடியற்காலை, மலைமேல் தங்கியிருந்த கூடாரத்துக்குள் தொட்டு எழுப்பியபோதே அம்மாவின் உடம்பு சில்லிட்டிருந்தது. மலை ஆஸ்பத்திரி டாக்டர் பழைய மாத்திரைச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "தூக்கத்துலயே இதயம் நின்னுருச்சும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

"நேத்து சுடுதண்ணில உட்கார வெச்சேனுங்க. அதனாலயா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அதை நம்புவதா வேண்டாமா என்று யோசித்தபடியேதான் அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வந்தாள்.

காளப்பநாயக்கன்பட்டி வீட்டில் முதலில் எழுந்திருப்பது எப்போதும் அம்மா பாவாயிதான். பின்வாசல் அடுப்பில் தென்னமட்டையைச் செருகி, அண்டாவில் தண்ணீர் காய வைத்து, அப்பாவுக்கு, பிள்ளைகளுக்கு, வந்த விருந்தாளிக்கு என்று வரிசையாக விளாவி வைப்பாள். அப்பா சின்னுசாமி கொத்தனார். சாயங்காலம் சிமெண்டுப் புழுதியோடு வந்தால் அவருக்கு மறுபடியும் ஒரு அடுப்பு. எல்லோரும் குளித்து முடித்தபின் அண்டாவின் அடியில் மிஞ்சிய வெதுவெதுப்புதான் அம்மாவுக்கு. பாதி நாள் அதுவும் மிஞ்சாது.

வடக்கே ஏதோ ஓர் ஊரில், பூமியிலிருந்து ஆவி பறக்கப் பொங்கும் நீரில் ஜனங்கள் கழுத்துவரை உட்கார்ந்திருப்பதை ஒருநாள் டிவியில் பார்த்துவிட்டு அம்மா வாயைப் பிளந்தாள். "ஆரும் அடுப்பு மூட்டாத சுடுதண்ணியாமா! ஒரு நாளைக்கு அதுல உட்கார்ந்து எந்திரிச்சாப் போதுஞ் சாமி." கூட்டிப்போகிறேன் என்று யமுனா சொன்னாள். சொன்னதோடு சரி. லீவு கிடைத்தால் மகளுக்குப் பரீட்சை வந்தது, பரீட்சை முடிந்தால் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது.

அதனால்தான் கொல்லிமலையில் வார இறுதிக் கூடாரம், 'வெந்நீர் ஊற்றுக் குளியல்' என்று போனில் விளம்பரம் பார்த்ததும் உடனே அழைத்துக் கேட்டாள். "ஊத்துத் தண்ணிதானுங்க. சூடு மட்டும் நாங்க பண்ணிக்கறமுங்க" என்றார் நடத்துகிறவர். யமுனா சிரித்துவிட்டாள். ஆனாலும் அம்மாவிடம், "தண்ணி பூமில இருந்தே சூடா வருதும்மா" என்று சொல்லிவைத்தாள். அப்பா வரவில்லை. "மலையத்தான் தினமும் வாசல்ல நின்னு பாக்கறமே, மேல போயி என்னத்தப் பாக்கறது?" என்றவர், அடுத்த மூச்சில், "அப்ப நாளைக்குச் சுடுதண்ணிக்கு?" என்றார். யமுனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நாளைக்குப் பச்சத்தண்ணில குளிச்சா கரைஞ்சு போயிருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பக்கம், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே கூடாரங்கள் இருந்தன. ஓரத்தில் கருங்கல் பதித்த தொட்டி. அம்மா சேலையோடு இறங்கி, கழுத்துவரை உட்கார்ந்து கண்ணை மூடினாள். "அடேயப்பா" என்றாள். அம்மா சும்மா உட்கார்ந்து யமுனா பார்த்ததே கிடையாது. கரையில் நின்றுகொண்டு, போன ஜென்மத்துக் கடனெல்லாம் தீர்ந்தவள்போல அவள் பூரித்துப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"எங்கியோ ஈர வெறகு பொகையுது."

"பக்கத்துல சமைக்கறாங்கம்மா. நீ உட்காரு."

இத்தனை வருஷம் அடுப்பூதிய மூக்கிடம் அந்தப் பொய் எடுபடுமா? அம்மா சொட்டச் சொட்ட எழுந்து மூங்கில் தட்டிக்குப் பின்னால் போனாள். அங்கே தகர டிரம்முக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருந்தாள் மலைக்காரப் பெண் சின்னாயி.

"இப்பிடி நெருக்கி வெச்சா எரியுமா கண்ணு? காத்துப் போக வழி உடோணுமல்ல?"

"நீங்க போயிக் குளிங்கம்மா. ஓனரு பார்த்தா வைவாருங்க."

"நா எப்பிடிப் போறது, நீ பொகைல கெடக்கறப்ப?"

அம்மா விறகைப் பிரித்து அடுக்கினாள். குனிந்து ஊதினாள். யமுனாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒரு நாளாவது சும்மா இரேம்மா! உனக்காகத்தான இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கத்தினாள். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்புக்கு முன்னால் தலையை உலர்த்திக்கொண்டு, சின்னாயியின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொட்டிக்குத் திரும்பவே இல்லை. படுக்கப்போகும்போது, "அந்தப் புள்ள சாப்பிட்டுதாமா?" என்று மட்டும் கேட்டாள். யமுனா முறுக்கிக்கொண்டு, தூங்கிவிட்டவள்போலக் கிடந்தாள். அம்மா அவளிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

வீட்டு வாசலில் அதற்குள் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பா ஓடி வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய தங்கை பாப்பாத்திதான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "சீக்காளிய மலைக்குக் கூட்டிட்டுப் போயி இப்பிடிப் பண்ணிப்போட்டயே கண்ணு!" என்றாள். அதையேதான் யமுனாவும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பெண்கள் பின்வாசலில் சேலையை மறைப்பாகக் கட்டி, பெஞ்சில் அம்மாவைக் கிடத்தினார்கள். அப்பா நாற்காலியை மறைப்புக்கு வெளியே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உறவுக்காரிகள் ஒவ்வொருத்தராகத் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்தார்கள். பாப்பாத்தி குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தாள். ஒரு துளி யமுனாவின் கையில் தெறித்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

"அத்தை, நில்லுங்க. சுடுதண்ணி வெச்சுத் தர்றேன்."

"என்ன பேசற நீ? பொணம் எடுக்கற வரைக்கும் இந்த ஊட்ல அடுப்பு எரியப்படாதுன்னு தெரியாதா?"

"எங்கம்மாவுக்கு, அவ மூட்டாத அடுப்புல ஒரு குடம் தண்ணி. ஒரே ஒரு குடம். நேத்துகூட முடியலீங்க அத்தை. அங்கயும் போயி அவதான் அடுப்பூதுனா."

"இனி அவளுக்குச் சூடு என்ன, குளிரு என்ன கண்ணு? ஊட்டுக்கு ஆகாது. உங்கப்பனுக்கு ஆகாது."

அண்டா கவிழ்த்து வைத்தபடி இருந்தது. யமுனா அதை நிமிர்த்தப் போனாள். பாப்பாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

மறைப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சேலை ஓரமாக அப்பாவின் கை நீண்டு, கீழே இருந்த காலிக் குடம் ஒன்றை எடுத்தது. கொல்லைப்புறம் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் குட்டைச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்.

"அருணா, உங்க ஊட்டு அடுப்ப மூட்டிக்கறேன் கண்ணு."

"நான் வெக்கறேனுங்க மாமா, நீங்க போயி உட்காருங்க."

"இல்ல. நீ இரு."

சுவருக்கு மேலே அவருடைய முதுகு மட்டும் யமுனாவுக்குத் தெரிந்தது. தீக்குச்சி கிழிக்கும் சத்தம் மூன்று நான்கு தடவை கேட்டது. புகை கிளம்பியது. அவர் இருமினார், குனிந்து ஊதினார், மறுபடி இருமினார். இந்தக் காரியத்தை அவர் ஒருநாளும் செய்ததில்லை. பாப்பாத்தி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடி தானாகத் தளர்ந்தது. "அவிங்க ஊட்டு அடுப்புதான" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பா குடத்தைத் துண்டில் சுற்றி, தளும்பத் தளும்பத் தூக்கிவந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புகையும் ஒரு காரணம். பெண்கள் வழிவிட்டார்கள். குண்டானில் ஊற்றினார். தண்ணீர் கொதித்தது. விரலை விட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழாய்த் தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றினார், தொட்டுப் பார்த்தார், இன்னொரு சொம்பு ஊற்றினார். எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாரு கண்ணு, அவளுக்குத் தாங்குமா?"

யமுனா முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்கப்பா" என்றாள்.

அவர் ஊற்றினார்.