அம்சத்தின் வலது கண்

மதகின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றால்தான் அங்கு சிக்னல் கிடைக்கும். பணித்தளப் பொறுப்பாளர் ஷோபனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரின் மேல் ஏறி, கைப்பேசியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே, வாய்க்கால் கரையில் இருபது பேர் மண்வெட்டிகளையும் அன்னக்கூடைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இருவரைத் தவிர எல்லோரும் பெண்கள். மேட்டூர் அணை திறக்க இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன. அதற்குள் குடமுருட்டியிலிருந்து பிரிந்து வரும் அந்த வாய்க்காலில் மண்டியிருந்த காட்டாமணக்கையும் கோரையையும் நூறு நாள் வேலையில் அகற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்று திங்கட்கிழமை. மணி எட்டரை ஆகியும் வேலை தொடங்கவில்லை. முகச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் கைப்பேசித் திரையில் தெரியும் வட்டத்திற்குள் முகம் வருமாறு நின்று, செயலி கேட்கும்போது இரு கண்களையும் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். வட்டம் பச்சையானால், ஆதாரில் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பெயருக்கு நேரே குறியிடும். வெள்ளிக்கிழமைக்குள் குறி விழாதவர்களின் பெயர் வருகைப் பட்டியலில் வராது என்று மேலிருந்து தகவல் வந்திருந்தது. பத்தொன்பது பேருக்குக் குறி விழுந்துவிட்டது. மீதி இருந்தவர் அம்சம்.

"அத்த, கண்ணாடியக் கழட்டிட்டு வாங்க," என்று ஷோபனா அழைத்தார்.

அம்சம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மதகின் அருகே வந்தார். அவருக்கு ஐம்பத்தொரு வயது. தை மாதம் ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலதுபக்கமாக ஒழுகியது. முகம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டதை அவர் அப்போதுதான் அறிந்தார். மாத்திரை சாப்பிட்டதில் பேச்சு தெளிந்தது. வலது இமை மட்டும் மூடவே இல்லை. இரவில் அதைக் கையால் கீழே இறக்கி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் படுப்பார். அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் தூற்றப் போய், நெல்லின் சுணை விழுந்து அந்தக் கண்ணில் புண் வந்தது. இனித் தூசியில் நிற்கக் கூடாது என்று தஞ்சாவூர் மருத்துவர் சொல்லிவிட்டார். நடவுக்கு இரண்டு வருடமாக இயந்திரம் வருகிறது. ஈர மண் அள்ளும் இந்த வேலை ஒன்றுதான் அவருக்கு எஞ்சியிருந்தது.

"சிமிட்டுங்க."

இடது கண் மூடித் திறந்தது. வலது கண்ணில் கருவிழி மட்டும் மேலேறி, வெள்ளை தெரிந்து, மறுபடி இறங்கியது. வட்டம் சிவப்பாகவே இருந்தது.

"இன்னொரு தரம்."

"ஏண்டி அம்சம், ஒத்தக் கண்ணு அடிச்சா பொம்பளப் புள்ள போனு எப்புடி ஒத்துக்கும்?" என்று கீழேயிருந்து ராசம்மாள் கேட்டார். அந்தக் குழுவில் மூத்தவர் அவர்தான். "ஆம்பள போனா இருந்தா இந்நேரம் பச்சையாயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்சமும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் வாய் இடதுபக்கம் கோணியது. அதை மறைக்க முந்தானையை எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு பாப்பா கண்ணச் சிமிட்டணும்? மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்று ஷோபனாவிடம் கேட்டார்.

"போட்டோவக் காட்டி ஏமாத்துறாங்களாம் அத்த. உசுரோட இருக்கிற ஆளுதானான்னு பாக்குது."

"அது சரிதான்," என்றார் ராசம்மாள். "கீழத்தெரு தங்கராசு செத்து ரெண்டு வருசம் வேலைக்கு வந்தானே. வேலையும் எங்கள விட நல்லாத்தான் பாத்தான், ஒரு நாளு லீவு போடல."

அப்போது இராஜாங்கம் கரையோரமாக மொபெட்டில் வந்தார். வாய்க்காலுக்கு அப்பால் எட்டு ஏக்கர் அவருடையது. இன்ஜினை அணைக்காமல் காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"என்னம்மா, படம் புடிக்கிறீங்களா? புடிங்க, புடிங்க. தெனம் ரெண்டு படம்னு கேமரா வந்தப்பறந்தான் ஒன்பது மணிக்காவது வர்றீங்க. அரசாங்கம் செஞ்சதுல இது ஒண்ணுதான் உருப்படி."

"ஒங்க வயலுக்கு நடவு மிசினு வந்துச்சேங்கய்யா, அது கண்ணடிச்சிட்டா எறங்குச்சு?" என்றார் ராசம்மாள்.

"மிசினு வெத்தல போட ஒக்காராதுல்ல."

"அதுவும் அரசாங்க மானியத்துலதானேங்கய்யா வந்துச்சு."

இராஜாங்கம் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார். போகும்போது, தன் மடைக்கு எதிரே கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ராசம்மாள் பூக்கட்டும் நூலைக் கொண்டுவந்தார். விரலால் இமையை இறக்கினால், கை முகத்தை மறைக்கிறது என்று செயலி மறுத்துவிட்டிருந்தது. ஆகையால் பிளாஸ்திரியை நகத்தளவு கிள்ளி, அதில் நூலை வைத்து அம்சத்தின் வலது இமையில் ஒட்டினார். நூல் கன்னத்தின் வழியாக இறங்கி முந்தானைக்குள் சென்று அம்சத்தின் விரலில் சுற்றிக்கொண்டது.

"சிமிட்டுன்னு சொன்ன ஒடனே சுண்டு. ரொம்ப இழுத்துராத, இமையோட வந்துரும்."

மூன்று முறை நூல் பிந்தியது. நான்காம் முறை இரண்டு கண்களும் ஒன்றாக மூடித் திறந்தன. வட்டம் பச்சையானது. கரையில் யாரோ கை தட்டினார்கள்.

ஷோபனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு சக்கரம் ஒன்று வெகுநேரம் சுழன்று நின்றது.

"என்ன பாப்பா?"

"மொகம் பொருந்தலன்னு வருது அத்த."

ராசம்மாள் அம்சத்தின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம். இரண்டு கண்களும் ஒரே அளவில் இருந்தன. வாய் நேராக இருந்தது. அவர் அட்டையையும் அம்சத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆதார்ல போட்டோவ மாத்திட்டு வந்துருங்க," என்றார் ஷோபனா. "அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல அத்த. எதாவது மாத்திப் போட்டேன்னா என் ஐடிய முடக்கிருவாங்க."

"ஒன்ன நான் சொல்லுவனா," என்றார் அம்சம். இமையிலிருந்து பிளாஸ்திரியை மெல்ல உரித்து, நூலைச் சுருட்டி ராசம்மாளிடம் கொடுத்தார்.

புதன்கிழமை அவர் பாபநாசம் சென்றார். ஆதார் மையத்தில் பதினேழாவது டோக்கன் கிடைத்தது. மேசைக்குப் பின்னால் இருந்த செல்லதுரை மரியாதையான இளைஞர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"வாயக் கோணாம நேராப் பாருங்கம்மா."

"நேராத்தான் தம்பி பாக்குறேன்."

செல்லதுரை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "மன்னிச்சிருங்கம்மா," என்று சொல்லிப் படத்தை எடுத்துக்கொண்டார்.

"எப்ப தம்பி மாறும்?"

"பத்து நாள்லயும் வரலாம். ஒரு மாசமும் ஆகலாம். மெசேஜ் வரும்."

"வெள்ளிக்கெழமைக்குள்ள வேணுமே."

"அது எங்க கையில இல்லம்மா. பெங்களூர்லேருந்து வரணும்."

அம்சம் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாள்ல மொகம் பழையபடி ஆனாலும் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. அப்புடி ஆயிட்டா?"

"அப்ப திரும்ப வந்து எடுக்கணும்மா," என்றார் செல்லதுரை.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்பாகவே அம்சம் கரைக்கு வந்திருந்தார். ஷோபனா ரசீதைப் படம் எடுத்து ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்திருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிருவாங்க அத்த. நீங்க நெழல்ல ஒக்காருங்க. காலைல எடுத்த வருகைப் படத்துல உங்க பேரு இல்ல, வேல பாத்தாலும் கணக்குல வராது."

"சாயங்காலம் சரின்னு சொன்னாங்கன்னா, வேல பாக்கலன்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்ல," என்றார் அம்சம்.

ஆளுக்கு ஆறடி என்று கயிறு பிடித்து அளந்து விட்டிருந்தார்கள். பத்தொன்பது பங்குக்கு அப்பால், இராஜாங்கத்தின் மடைக்கு எதிரே, அளக்காமல் கிடந்த இடத்தில் அம்சம் இறங்கினார். காட்டாமணக்கை அடியோடு வெட்டி, வேரைப் பிடுங்கிக் கரையில் போட்டார். முழங்கால் அளவுச் சேற்றை அன்னக்கூடையில் அள்ளித் தானே சுமந்து ஏறினார். ஒவ்வொரு முறை மேலே வந்தபோதும் கண்ணாடியை உயர்த்தி, முந்தானையால் வலது கண்ணில் வழிந்த நீரை ஒற்றிக்கொண்டார். மதியத்திற்குள் ஏழடி சுத்தமாகியிருந்தது. மற்றவர்கள் வெட்டிய பங்குகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைய இரண்டாவது வருகைப் படம் எடுக்கும் நேரம் வந்தது. ஷோபனா பத்தொன்பது பேரையும் கரையில் மேற்கே பார்த்து வரிசையாக நிறுத்தினார். அலுவலகத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. வெயில் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து திரையில் விழுந்ததால் யார் முகமும் தெரியவில்லை. கைப்பேசியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

அம்சம் அன்னக்கூடையைக் கழுவி எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றார். அதைக் கவிழ்த்து இரண்டு கைகளாலும் உயரத் தூக்கித் திரைக்கு நிழல் பிடித்தார்.

"இப்பத் தெரியுதா பாப்பா?"

"தெரியுது அத்த."

திரையில் பத்தொன்பது முகங்களும் தெளிந்தன. அவர்களுடைய காலடியில், ஈர மண்ணின் மேல், தலைக்கு மேலே கூடை தூக்கிய ஒரு நிழலும் விழுந்திருந்தது. ஷோபனா தயங்கினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்த. படத்துல நெழலு விழுது."

அம்சம் கூடையை இறக்காமல் ஓரடி நகர்ந்தார். நிழலின் தலை மட்டும் இன்னும் திரையில் இருந்தது. கைகளை எட்ட நீட்டிக்கொண்டு மேலும் ஓரடி நகர்ந்தார்.

"போதும்," என்றார் ஷோபனா. பிறகு வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கண்ண நல்லாத் தொறந்து வைங்க. யாரும் சிமிட்டாதீங்க."

பத்தொன்பது பேரும் வெயிலை எதிர்த்துக் கண்களை விழித்துக்கொண்டு நின்றார்கள். படத்துக்கு வெளியே, கூடையைத் தூக்கிப் பிடித்த கைகளுக்குக் கீழே, அம்சத்தின் மூக்கிலிருந்து கண்ணாடி சரிந்து இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்யக் கை ஒழியவில்லை. அவருடைய வலது கண் மூடாமல் திறந்திருந்தது.