காலை ஏழரைக்குள்

கூடத்தில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா லட்சுமணசாமி, அம்மா பத்மாவதி, பெண் பிரீத்திகா. பல்லடத்திலிருந்து வந்த மாப்பிள்ளை தேஜா, அவன் அப்பா சுந்தரராஜுலு, அம்மா ரங்கநாயகி, அத்தை ஒருத்தி. மாடி அறையில் இருந்தவள்: இளைய மகள் ஷ்ரவ்யா, பதின்மூன்று வயது. அவள் ஊட்டி ஹாஸ்டலில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அறைச் சாவி லட்சுமணசாமியின் சட்டைப் பையில் இருந்தது.

சாயங்காலமென்றால் இந்தப் பொய்க்கே வேலையில்லை. நாலு மணிக்கு மேல் ஷ்ரவ்யா மற்ற பிள்ளைகளைப் போலத்தான் நடப்பாள். காலையில் மட்டும் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கும். பத்து மணி வரை பல் துலக்கவும் ஆள் வேண்டும். ஜோசியர் குறித்துக் கொடுத்ததோ ஆறிலிருந்து ஏழரை. நிச்சயத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பெரியநாயக்கன்பாளையத்துப் பம்ப் பட்டறைக்காரனுக்கு இப்படியோர் இடம் இன்னொரு முறை அமையாது என்று லட்சுமணசாமி நினைத்தார்.

போன மாதம் டாக்டர் படங்களைக் காட்டி விளக்கியிருந்தார். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதத்தில் பல வகை உண்டாம். ஷ்ரவ்யாவின் ரத்தம் காட்டுவது பெரியவர்களுக்கு வருகிற அதே முடக்குவாதத்தை. சின்ன வயதிலேயே வந்துவிட்டது. மரபணுவிலும் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம். பல மரபணுக்கள், அம்மா பக்கம் கொஞ்சம், அப்பா பக்கம் கொஞ்சம் என்று சேரும். சேர்ந்தாலும் பெரும்பாலோருக்கு நோய் வராது. வீட்டில் யாருக்காவது விரல் கோணியிருக்கிறதா என்று கேட்டார். லட்சுமணசாமி இல்லையென்றார்.

செத்துப்போன அவர் அக்காவுக்கு இரண்டு கையும் கோணல். மில்லில் கோனில் நூல் சுற்றிச் சுற்றி அப்படியானது என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்த குடும்பம் அது. வெளியே வந்ததும் ஏன் மறைத்தீர்கள் என்று பத்மாவதி கேட்டதற்கு, பிரீத்திகா கல்யாணம் முடியட்டும் என்றார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. ரங்கநாயகி நாற்காலியை விட்டு எழ மூன்று முறை முயன்றாள். கார்ப் பயணம், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சிரித்தாள். அத்தை அவள் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். ரங்கநாயகியின் கையை மூடியிருந்த முந்தானை விலகியது. விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, முட்டிகள் புடைத்திருந்தன. டாக்டர் காட்டிய படத்திலிருந்த கை.

பத்மாவதி தட்டை விடவில்லை. அம்மா பக்கம் கொஞ்சம், அப்பா பக்கம் கொஞ்சம். பிரீத்திகாவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு எவ்வளவு சேரும்? டாக்டரிடம் கேட்கலாம். கேட்பதற்கு முதலில் இரண்டு வீடும் வாயைத் திறக்க வேண்டும்.

"பொண்ணக் குடுக்கறேன்னு போட்டுத் தட்டப் புடிச்சு வெச்சுக்கிட்டா எப்பிடிங்க சம்பந்தியம்மா?" என்றார் சுந்தரராஜுலு. எல்லோரும் சிரித்தார்கள். அவள் விட்டாள்.

காபி வந்தபோது ரங்கநாயகி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு பத்மாவதியின் பக்கம் குனிந்தாள். "காலைல இப்பிடித்தானுங்க அம்மிணி. வெயிலேறுனாச் செரியாப் போயிரும். சின்ன வயசுல தறியில முடிச்சுப் போட்டுப் போட்டு வெரலு இப்பிடி ஆயிப்போச்சுங்க."

பத்மாவதி வாயைத் திறந்தாள். மாடியில் எதுவோ விழுந்தது.

"மேல ஆருங்க?"

"ஜன்னலுங்க. காத்துக்கு அடிக்குது," என்றார் லட்சுமணசாமி. சாத்திவிட்டு வருவதாகச் சொல்லி மனைவியையும் கூட்டிக்கொண்டு ஏறினார்.

ஷ்ரவ்யா குளியலறை வாசலில் கிடந்தாள். நைட்டி நனைந்திருந்தது. "சத்தம் வராம உழுகோணும்னுதாம்மா பாத்தேன். அவிய போயிட்டாங்களா?"

"இல்ல கண்ணு."

பத்மாவதி மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கியபடியே சொன்னாள், "ஏனுங்க, அந்தம்மாளுக்கும் இதேதானுங்க. கையப் பாத்தீங்களா?"

"கார்ல இருந்து எறங்கறப்பவே பாத்துட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் நனைந்த தரையைப் பார்த்தார்.

"அவங்க கெளம்பற வரைக்கும் நீயும் இங்கயே இரு. தலவலின்னு சொல்லிக்கறேன்."

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டில் சாவி இரண்டு சுற்று சுற்றியது.