அரை ஸ்வரம்

வாத்தியக்குழு அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பாம்புக்காது. தொண்ணூறு பேர் ஒன்றாக முழக்கும்போது மூன்றாவது வரிசையில் ஒருவன் செருப்பைத் தேய்த்தால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பதிவறையில் உட்கார்ந்தபடியே ஆளைச் சொல்லிவிடுவாள். ஒலிப்பதிவை மேற்பார்க்கிறவளுக்கு அது வரம்தான். அன்றைக்கு மட்டும், போதுமடா சாமி என்றாகிவிட்டது.

ஒரே இசைத்தட்டுக்கு இரண்டு படைப்புகள். ஒன்று, நூறு வருஷத்துக்கு முந்தைய சிம்பொனி, ஒரு மணி ஐந்து நிமிடம். அதன் வாலில் ஒட்டினாற்போல் பதினான்கு நிமிடத்துக்குப் புதிது ஒன்று. சிம்பொனியை வாசிக்காத குழு உலகத்திலேயே கிடையாது. புதியதை இதுவரை ஒருவரும் வாசித்ததில்லை. எழுதியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், நாற்பத்திரண்டு வயது. மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினான். இந்தத் தட்டில் அது சரியாக விழவில்லையென்றால் இன்னொரு குழு அதைத் தொடப்போவதில்லை. அக்காளுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

பதிவின் கடைசி நாள் மதியம் முழுக்கப் புதியதற்கு என்று கதவிலேயே தாள் ஒட்டியிருந்தது. யார் மதித்தார்கள்? கோலை ஆட்டிக் குழுவை நடத்துகிற கண்டக்டருக்கு முதுகுக்குப் பின்னால் பெயர் மகாராஜா. மகாராஜாவுக்குச் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன் என்கிற ஊதுகொம்புகளின் வாசிப்பு திடீரென்று பிடிக்காமல் போயிற்று. ஐந்தாவது தடவையே பிரமாதமாக வந்தது. மேடையில் அவர் பக்கத்தில் இருந்த டெலிபோனுக்குப் பேசி, “போதும் சார், கிடைச்சிடுச்சு” என்று அவள் சொல்லவும் செய்தாள்.

“இன்னும் கொஞ்சம் கண்ணீர் வேணும்மா” என்றார்.

பதினேழாவது தடவை வாசித்தவர்களுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது, உதடு வீங்கி.

புதியதைக் கையில் எடுத்தபோது மணி நாலு இருபது. ஐந்து அடித்தால் ஒருவரும் உட்காரமாட்டார்கள். தட்டுத்தடுமாறி ஒரு ஒத்திகை, பதிவுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் நேரம். நடுவில் கிளாரினெட் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அடியில் பெரிய பேஸ் வாத்தியங்கள் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளாரினெட்காரர்கள் எப்போதும் இரண்டு வைத்திருப்பார்கள், நீளமானது ஒன்று, கொஞ்சம் குட்டையானது ஒன்று. ஒரே விரலை வைத்தாலும் குட்டை அரை ஸ்வரம் மேலே பேசும். இசைத்தாளில் நீளமானது என்று போட்டிருந்தது. ஓடிய ஓட்டத்தில் கிளாரினெட் வாசிக்கிற பெண் குட்டையை எடுத்துவிட்டாள்.

ஒத்திகையிலேயே பாம்புக்காதுக்குச் சுரீரென்றது. டெலிபோனை எடுத்தாள்.

“சார், கிளாரினெட்...”

“புதுசுன்னா அப்படித்தாம்மா இருக்கும்” என்று மகாராஜா ரிசீவரை வைத்துவிட்டார். பதிவிலும் அதே குட்டை, அதே கண்றாவி. ஐந்து அடித்தது.

மகாராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதிவறைக்கு வந்தார். பின்னாலேயே தம்பி.

“அந்தக் கிளாரினெட் இடம் இருக்கே, அடடா! என்ன ஒரு கசப்பு! அதை எழுதுறதுக்குத் தில்லு வேணுங்க. அடுத்த வருஷம் எனக்குன்னு பெருசா ஒண்ணு எழுதிக் குடுங்க.”

தம்பிக்கு வாயெல்லாம் பல்.

“அது தப்பு சார்” என்றாள் அவள். “அரை ஸ்வரம் மேல போயிருக்கு.”

மகாராஜாவின் புருவம் ஏறியது. தம்பி பக்கம் திரும்பி, “அப்படியா?” என்றார்.

தம்பி அக்காள் முகத்தைப் பார்க்கவில்லை. “இல்லைங்க சார். நான் எழுதினதே அப்படித்தான்.”

எழுதினதே அப்படித்தானாமே! போன வருஷம் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, “அரை ஸ்வரம் ஏத்திப் பாரேன்டா, நல்லா இருக்கும்” என்று அவள் வாய் தவறிச் சொன்னதற்கு, “இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று கத்திவிட்டுப் போனவன் இவன். இரண்டு மாதம் பேச்சில்லை. மாமன் இல்லாமலே அவள் மகளின் பிறந்தநாள் நடந்தது. அந்த ரோஷக்காரன்தான் இப்போது ஜால்ரா போட்டுக்கொண்டு நிற்கிறான். மகாராஜா அவன் முதுகில் தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிளாரினெட்காரி வந்தாள். கையில் இரண்டு வாத்தியமும் இருந்தன. முகம் செத்துப்போயிருந்தது.

“பெட்டியில வைக்கும்போதுதான் மேடம் பார்த்தேன். தப்பு என்னோடதுதான். அடியில ஒத்தைச் சுருதிதானே? நான் இப்பவே தனியா வாசிச்சுடுறேன். வெட்டி ஒட்டிக்க முடியுமா?”

முடியும். கிளாரினெட் நுழைவதற்கு முன் எட்டு தாளச் சுற்றுக்குப் பேஸ் தனியாகவே ஒலிக்கிறது. அதை நீட்டிப் போட்டு மேலே இவளை வைத்தால் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதினவன் சரியென்றால் போதும்.

“போய் வாசிம்மா” என்றாள். தம்பி என்னவோ முனகினான். அவள் சிவப்பு விளக்கைப் போட்டாள்.

காலி ஹாலில் அந்தப் பெண் ஒற்றை ஆளாய் நின்று நீளமான கிளாரினெட்டில் வாசித்தாள். மூன்று வருஷம் தம்பி தலைக்குள் மட்டும் இருந்தது, முதல் முறையாக ஸ்பீக்கரில் முழுசாக வந்தது. என்ன சுகம்! அவன் எழுதியதுதான் சரி, தான் சொன்னது சுத்த அபத்தம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தம்பியின் கண் கலங்கியிருந்தது.

“இதுதானேடா?” என்றாள். “ஒரு வார்த்தை சொல்லு, ஒட்டிடுறேன்.”

“அணைச்சிடுக்கா” என்றான். “அவர் வந்துடப் போறார்.”

“வரட்டுமே!”

“உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. அடுத்த வருஷம்னு சொல்லியிருக்காருக்கா.” மேஜையில் விரித்துக் கிடந்த இசைத்தாளை இழுத்து, அவள் பென்சிலையே எடுத்து, கிளாரினெட் வரியின் தலையில் ‘குட்டை’ என்று திருத்தினான். ஒரே சொல். முழுப் பக்கமும் மாறிவிட்டது. “யோசிச்சுப் பார்த்தா, நீ அன்னிக்குச் சொன்னதுதான்க்கா சரி.”

சீ என்று வந்தது அவளுக்கு. பென்சிலை அவன் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

ஹாலில் கிளாரினெட்காரி மேடையேறி, மகாராஜாவின் டெலிபோனைத் தானே எடுத்தாள்.

“சரியா வந்துச்சா மேடம்?”

“அப்படியே வந்துச்சும்மா. ஒரு குறையும் இல்லை.” தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எழுதினவருக்குத்தான் வேண்டாமாம்.”