அக்கா போட்ட சிவப்புக் கோடு

அக்காவின் வலது கையை உடைத்தவன் நான்தான். ஊரே சேர்ந்து அடித்தது என்று பேப்பரில் போட்டார்கள். சுத்தப் பொய். ஊர் கல்லெறிந்தது, கையை உடைத்தது நான்.

அவள் கல்லூரியில் நிலவடிவமைப்பு சொல்லித்தருகிறாள். எங்கே பூங்கா, எங்கே வடிகால், மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும், இதுதான் அவள் படிப்பு. ஆராய்ச்சியை அலமாரியில் பூட்டிவைத்தால் கரையான்தான் படிக்கும் என்பாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை மாணவர்களோடு எங்கள் தெருவில் இறங்கி, பெருமழை வந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சுவரில் கோடு இழுத்தாள். சிவப்பில். பளிச்சென்று தெரியவேண்டுமாம்.

எங்கள் பக்கம் இடிக்கப்போகும் வீட்டுக்குத்தான் நகராட்சிக்காரன் சிவப்புக் கோடு போடுவான். மேட்டில் அடுக்குமாடியில் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? கோட்டுக்குப் பக்கத்தில் அது என்ன என்று எழுதுவதை, பெயின்ட் காயட்டும் என்று மதியத்துக்குத் தள்ளிவைத்திருந்தாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

எதிர்வீட்டு டெய்லர் என் சட்டையைப் பிடித்து, உன் அக்காவை ஏவிவிட்டு எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்றான். ஒரு கல் அவள் நெற்றியைப் பிளந்தது. மாணவர்கள் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் முகமெல்லாம் ரத்தமாக, இது தண்ணீர் மட்டம், இடிக்கிற கோடு இல்லை என்று கத்திக்கொண்டே அடுத்த சுவருக்குப் போனாள். எனக்கு வெறி தலைக்கேறியது. நானும் இந்தத் தெருக்காரன்தான் என்று காட்டவேண்டியிருந்தது. என் வெல்டிங் பட்டறையிலிருந்து கம்பியை எடுத்துவந்து, பிரஷ் பிடித்த கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கூட்டம் அடங்கியது. அவளைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் காறித் துப்பினாள்.

ஆஸ்பத்திரியில் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உன் வீட்டுக் கோடு எவ்ளோ உயரம்டா?"

"என் நெஞ்சு வரைக்கும் இருக்கு."

"பாப்பா உனக்கு எதுவரைக்கும் வருவா?"

என் மகள் என் இடுப்புக்குத்தான் வருவாள்.

வீட்டுக்கு ஓடினேன். டெய்லர் மண்ணெண்ணெய்த் துணியால் என் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உதவி செய்கிறானாம். முடியைப் பிடித்து, துணி அவன் கையிலிருந்து விழும்வரை அவன் தலையை அந்தச் சுவரிலேயே இடித்தேன். பாதிக் கோடு போயிருந்தது. அக்கா விட்டுப்போன பெயின்ட் டப்பாவைத் திறந்து, மீதியை நானே இழுத்தேன். பின்னால் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.